தொங்கு தோல் சத்திரசிகிச்சை: ஆறும் காலத்தை எப்படிக் கடப்பது?

"டொக்டர், இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்?"

சத்திரசிகிச்சை முடிந்து 16ஆம் நாள் என்னிடம் வந்த ஒரு சகோதரியின் முதற் கேள்வி இது. அவர் கூனியபடி நடந்து வந்தார். கதிரையில் இருக்கவும் எழும்பவும் கணவரின் கை தேவைப்பட்டது. அடிவயிற்றில் ஒரு பக்க இடுப்பிலிருந்து மறு பக்க இடுப்பு வரை நீண்ட தையல். ஒரு காலத்தில் 118 கிலோ இருந்தவர், இரைப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் 71 கிலோவுக்கு இறங்கினார். நிறை போய்விட்டது, தோல் போகவில்லை. வயிற்றுத் தோல் ஏப்ரன் போல முன்னால் தொங்கியது. மடிப்புக்குள் வியர்வை தங்கி, ஒவ்வொரு கோடையிலும் புண் வந்து எரியும். அதற்காகவே அந்தத் தோலை அகற்றினார்கள்.

"சொந்தக்காரர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கர்ப்பப்பை ஒப்பரேசன் எண்டு சொல்லியிருக்கிறம்" என்றார் மெதுவாக. வருகிற கிழமை வேலைக்குத் திரும்பப் போவதாகவும் சொன்னார். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. ஈரத்துணிக் கூடைகளைத் தூக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னேன். விடுப்புப் பத்திரத்தை நீடித்துத் தருவதாகவும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நான்காம் கிழமை தையலின் நடுப்பகுதி திறந்தது. அது முழுமையாக மூடுவதற்கு மேலும் 11 கிழமைகள் எடுத்தது.

அவருடைய அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். எமது மக்களிடையே இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரும் வெளியே கதைப்பதில்லை. கதைக்காததால், ஆறும் காலம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை.

யாருக்கு, ஏன்?

அதிக நிறை குறைந்தவர்களுக்கு வயிறு, தொடை, மேற்கை, மார்பு ஆகிய இடங்களில் தோல் தொங்கும். நீண்டகாலம் இழுபட்ட தோல் பழையபடி சுருங்குவதில்லை. உடற்பயிற்சியால் தசை இறுகும், தோல் இறுகாது. இது அவர்களுடைய சோம்பேறித்தனத்தால் வந்தது அல்ல.

சுவிஸில் 2011 ஜனவரி முதல், உடற்திணிவுச் சுட்டெண் 35க்கு மேற்பட்டவர்களுக்கும் நிபந்தனைகளுடன் இரைப்பைச் சத்திரசிகிச்சையை அடிப்படைக் காப்புறுதி பொறுப்பேற்கிறது. அதற்கு முன் இந்த எல்லை 40 ஆக இருந்தது. 2024 மார்ச்சில் வெகோவி என்ற நிறைகுறைப்பு ஊசியும் நிபந்தனைகளுடன் காப்புறுதிப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே விரைவாக நிறை குறைந்து, தோல் தொங்கும் நிலைக்கு வருபவர்களை இனி அதிகமாகக் காண்போம்.

இச் சத்திரசிகிச்சை புதியதல்ல. 1899இலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவார்ட் கெலி என்ற பெண்நோயியல் நிபுணர் தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டி அகற்றியதைப் பதிவு செய்துள்ளார். ஆனாலும் இது பெரிய சத்திரசிகிச்சை. நீண்ட காயம், தோலின் கீழ் அகலமாகப் பிரிக்கப்பட்ட பகுதி, சில வேளைகளில் தசையையும் இழுத்துத் தைப்பார்கள். பித்தப்பையைக் குழாய் மூலம் எடுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்குப் போவதுடன் இதை ஒப்பிடக் கூடாது.

காப்புறுதி பணம் கட்டுமா?

அழகுக்காக மட்டும் செய்வதை அடிப்படைக் காப்புறுதி பொறுப்பேற்காது. திரும்பத் திரும்ப வரும் தோல் அழற்சி, மருந்துக்கு ஆறாத புண் போன்றவற்றால் அது நோய் என்ற தன்மையை அடைந்திருந்தால் பொறுப்பேற்கலாம். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும். எனவே புண் வரும் ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். படம் எடுத்து வையுங்கள். வெட்கத்தால் வீட்டிலேயே பவுடர் போட்டுச் சமாளித்தவருக்குப் பின்னர் காட்டுவதற்கு எந்த ஆதாரமும் இருக்காது.

காப்புறுதி மறுத்தால் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். வெர்பூகுங் எனப்படும் முறையான எழுத்துமூல முடிவைக் கேளுங்கள். அது கிடைத்து 30 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

நாட்காட்டி

ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றாலும், வயிற்றுத் தோல் சத்திரசிகிச்சைக்குப் பொதுவாக இப்படி எதிர்பார்க்கலாம்.

முதற் கிழமை: தையல் இழுபடாமல் இருக்கக் கூனி நடக்க வேண்டும். அதனால் முதுகும் நோகும். காயத்தில் சேரும் நீரை வெளியேற்றச் சிறு குழாய்கள் சில நாட்களுக்கு இருக்கலாம். தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். எழும்பும்போது பக்கம் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். இருமும்போது வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடியுங்கள்.

இரண்டாம், மூன்றாம் கிழமைகள்: மெல்ல மெல்ல நிமிரலாம். வீக்கமும் கண்டல் நிறமும் தெரியும். இந்தக் கட்டத்தில்தான் பலரும் மனம் சோர்ந்து போகிறார்கள்.

ஆறு கிழமை வரை: இறுக்கமான சத்திரசிகிச்சை உள்ளாடையை வைத்தியர் சொன்னபடி இரவு பகலாக அணிய வேண்டியிருக்கும். ஒன்றைத் தோய்க்கும்போது மற்றதை அணிய இரண்டு வாங்கி வையுங்கள். 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். மிக்ரோ, கோப் கடைகளில் ஒரு பொதி தண்ணீர்ப் போத்தல் 9 கிலோ. 10 கிலோ அரிசிப் பையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

மூன்று முதல் ஆறு மாதம் வரை: காலையில் வயிறு தட்டையாகவும் மாலையில் வீங்கியும் இருக்கும். இது வழமை. தொப்புளுக்குக் கீழே விறைப்பு பல மாதங்கள் இருக்கலாம். உணர்வில்லாத இடத்தில் சுடுநீர்ப் போத்தல் வைத்துச் சூடுபட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரு வருடமும் அதற்கு மேலும்: தழும்பு முதலில் சிவந்து, தடித்து இருக்கும். அது மங்குவதற்கு 12 முதல் 18 மாதங்கள் எடுக்கும். எமது நிறத் தோலில் தழும்பு கறுப்பதும் தடிப்பதும் அதிகம். காயம் மூடிய பின் சிலிக்கோன் களிம்பு அல்லது பட்டி உதவும். வெயில் படாமல் பாருங்கள். பெண்கள் கவனிக்க: உட்பாவாடை நாடா சரியாகத் தழும்பின் மேல் அழுத்தும். சில மாதங்களுக்கு நாடாவுக்குப் பதிலாக அகலமான இலாஸ்டிக் பட்டி வைத்த பாவாடையைப் பயன்படுத்துங்கள்.

நோவைத் தாங்குவது வீரமல்ல

எமது தலைமுறை நோவை விழுங்கிப் பழகியது. ஊரில் மருந்தில்லாமல் காயம் தைக்கப்பட்டவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். தாதி வந்து "0 முதல் 10 வரை எவ்வளவு நோகிறது?" என்று கேட்டால், 8 நோகும்போதும் நாம் 3 என்கிறோம். தாதி அந்த 3ஐ நம்பி மருந்தைக் குறைக்கிறார். நோவுள்ளவர் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், நடக்க மாட்டார். அதனால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். நோ மருந்து எடுப்பதே நடப்பதற்காகத்தான்.

டவால்கான் போன்ற பரசிற்றமோல் மருந்தை நோ வந்த பிறகு தேடாமல், வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுங்கள். வீரியமான நோ மருந்துகள் மலச்சிக்கலைத் தரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். நோவல்ஜின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் இபுபுரொபன், வோல்ராறன் வகை மாத்திரைகளைத் தாமாக எடுக்கக் கூடாது. இரைப்பை இணைப்பில் புண் வரலாம். பக்கத்து வீட்டு அக்கா தந்த மாத்திரை என்பதற்காக அது பாதுகாப்பானதாகிவிடாது.

பத்தியம் வேண்டாம், புரதம் வேண்டும்

காயம் உள்ளவருக்கு முட்டை, மீன், இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என்று நிறுத்திவிட்டு, சோறும் இரசமும் கொடுப்பது எமது வழக்கம். இந்த இடத்தில் அது காயத்தைப் பட்டினி போடுவதாகும். தோல் வளரப் புரதம் தேவை. பொதுவாக நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராமுக்குச் சற்று மேல், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், 100 கிராம் கொழுப்பு நீக்கிய குவார்க்கில் 11 கிராம் அளவில் கிடைக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுவோர் பருப்பு, கடலை, தயிர், தோபு ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.

இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இரும்பும் விற்றமின் பி12உம் குறைந்திருப்பது வழமை. இரத்தப் பரிசோதனையைத் தோல் சத்திரசிகிச்சைக்கு முன்னரே செய்து சரிப்படுத்துங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சிகரெட்டைக் குறைந்தது 4 கிழமைக்கு முன் நிறுத்தி, காயம் ஆறும்வரை தொடக் கூடாது. புகை சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கித் தையல் ஓரத்தை இறக்கச் செய்யும். திறந்த காயத்தில் மஞ்சளோ தேங்காயெண்ணெயோ பூச வேண்டாம்.

மனம்

இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் "ஏன் இதைச் செய்தேன்?" என்று அழாதவர்கள் குறைவு. வீங்கிய, தைத்த உடலைக் கண்ணாடியில் பார்க்கும்போது முன்பிருந்ததே மேல் என்று தோன்றும். நித்திரைக் குறைவும், நோவும், பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையும் சேர்ந்து செய்யும் வேலை இது. பெரும்பாலோருக்கு நடமாட்டம் கூடக் கூட விலகும். இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுவதும் சோர்வும், வாழ்வில் வெறுப்பும் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. யுத்தத்தையும் தடுப்பு முகாமையும் கண்டவர்களுக்குக் கட்டிலில் அசையாமல் கிடப்பதும், உடலில் குழாய்கள் இருப்பதும், இரவில் அந்நியர் வந்து தொடுவதும் பழைய நினைவுகளைக் கிளறும். முன்கூட்டியே வைத்தியரிடம் ஒரு வரி சொல்லி வைத்தால், தாதியர் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவார்கள். பேர்ணில் 1995இல் தொடங்கப்பட்ட, சித்திரவதைக்கும் போருக்கும் உள்ளானோருக்கான சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிகிச்சை நிலையம் இதற்கென்றே உள்ளது. வேறு சில நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. குடும்ப வைத்தியர் அனுப்பி வைக்கலாம்.

வேலையும் வீடும்

அந்தச் சகோதரி வேலைக்கு ஓடியது வேலை போய்விடும் என்ற பயத்தால். அவர் அங்கு மூன்றாம் வருடம் வேலை செய்துகொண்டிருந்தார். சுவிஸ் சட்டப்படி, பரீட்சார்த்த காலம் முடிந்த பின், நோயால் வேலை செய்ய முடியாதவரை முதலாம் வருடத்தில் 30 நாட்களும், இரண்டாம் முதல் ஐந்தாம் வருடம் வரை 90 நாட்களும், ஆறாம் வருடத்திலிருந்து 180 நாட்களும் வேலையால் நிறுத்த முடியாது. அவருக்கு 90 நாள் பாதுகாப்பு இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான் விடுப்புப் பத்திரம் தருவதாகச் சொன்னேனே தவிர, ஏன் அவசரப்படுகிறார் என்று கேட்கவில்லை. "வீட்டில் யார் சமைக்கிறார்கள்?" என்றும் கேட்கவில்லை. அது என் பிழை. உறவினருக்கு மறைத்ததால் உதவிக்கு யாரும் வரவில்லை. சமையல், தூசி உறிஞ்சுவது, கடைக்குப் போவது எல்லாம் அவரே செய்திருக்கிறார்.

வைத்தியர் எழுதிக் கொடுத்தால் காயம் கட்ட ஸ்பிடெக்ஸ் தாதியர் வீட்டுக்கு வருவார்கள். அது அடிப்படைக் காப்புறுதியில் அடங்கும். வீட்டுவேலை உதவிக்கு உங்கள் துணைக் காப்புறுதியில் இடமுண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை வைத்துத் தாயின் உடலைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

மலிவாக வெளிநாட்டில் செய்யலாமா?

சென்னைக்கும் துருக்கிக்கும் போய்ச் செய்துவரச் சிலர் ஆலோசனை கேட்கிறார்கள். சத்திரசிகிச்சை ஒரு நாள் வேலை, அதன் பின் மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும். வெட்டியவரே காயத்தைப் பார்ப்பதுதான் நல்லது. சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நீண்ட விமானப் பயணம் செய்வது இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பின் 21 வயதில் உயிரிழந்தார். எங்கு செய்தாலும் இது விளையாட்டல்ல. தீவிர சிகிச்சை வசதி உண்டா, பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு என்று கேளாமல் பணம் கட்டாதீர்கள்.

உடனே வைத்தியரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

1. 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நடுக்கம்.
2. காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ், துர்நாற்றம்.
3. தையல் ஓரம் கறுத்தல் அல்லது திறத்தல்.
4. வயிற்றுத் தோலின் கீழ் தண்ணீர்ப் பை போலத் தளம்புதல். நீர் சேர்ந்திருக்கலாம், ஊசியால் எடுக்கலாம்.
5. ஒரு பக்க வயிறு திடீரென வீங்கி இறுகுதல்.
6. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நோதல்.

மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, மயக்கம் வந்தால் காத்திராமல் 144ஐ அழையுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது சுகமாக இருக்கிறார். கோடையில் புண் வருவதில்லை. காயம் திறந்த கிழமையில் தன் தமக்கையிடம் உண்மையைச் சொன்னார். தமக்கை மறுநாளே ரயிலேறி வந்து பத்து நாள் நின்று சமைத்தாராம். "முதலே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கடிந்துகொண்டாராம்.

ஆகவே அன்பான வாசகர்களே, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே நம்பிக்கையான ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். உங்களிடம் ஒருவர் வந்து சொன்னால், ஏன் வெட்டினாய் என்று கேட்காமல், சாப்பாட்டுப் பெட்டியுடன் போய்ப் பாருங்கள்.