மீட்புக்கு மறுநாள் என்ன நடக்கிறது?

விடுதியில் போலீஸ் சோதனை, நான்கு பெண்கள் மீட்பு, தரகர் தலைமறைவு. நாளிதழ்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது. இன்னொரு நாளிதழில் அதே சம்பவம் ‘அழகிகள் கைது’ என்ற தலைப்போடு வந்திருக்கும். அந்தப் பெண்கள் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களா, குற்றம் செய்தவர்களா, பிழைப்புக்காக இந்தத் தொழிலுக்கு வந்தவர்களா என்பதை இரண்டு செய்தியும் சொல்லாது. ஆனால் அன்று இரவு அவர்கள் எங்கே தங்குவார்கள், எத்தனை மாதம் அடைபட்டிருப்பார்கள், இழப்பீடு கேட்க முடியுமா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு அதிகாரிகள் தரும் பதிலைப் பொறுத்தது.

உலக நாடுகளும் நூறாண்டுக்கு மேலாக இதே கேள்வியில்தான் பிளவுபட்டு நிற்கின்றன.

எது கடத்தல்?

ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்ற பலெர்மோ நெறிமுறைதான் இன்றைய சட்டங்களுக்கு அடிப்படை. அதன்படி ஆள் கடத்தலுக்கு மூன்று கூறுகள் உண்டு. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, ஒளித்துவைப்பது, பெற்றுக்கொள்வது ஆகியவை செயல். மிரட்டல், வன்முறை, ஏமாற்று, ஒருவருடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்துவது ஆகியவை வழிமுறை. சுரண்டுவது நோக்கம். 18 வயது நிரம்பாதவர் என்றால் வழிமுறையை நிரூபிக்கத் தேவையே இல்லை.

இந்தியா 2011-ல் இதை ஏற்று உறுதி செய்தது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு திருத்தப்பட்டது; 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு. எல்லை தாண்டினால்தான் கடத்தல் என்றில்லை. பக்கத்து ஊரில் வேலை என்று ஏமாற்றி அழைத்துப் போய்ச் சுரண்டினாலும், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று கூட்டிப் போய் விற்றாலும் கடத்தல்தான். ‘அவள் சம்மதித்துத்தானே வந்தாள்’ என்ற வாதம் கடத்தல் வழக்கில் செல்லாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

பலெர்மோ ஒரு விஷயத்தை மட்டும் வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டது: பிறரது பாலியல் தொழிலைச் சுரண்டுவது என்றால் என்ன? வியன்னாவில் நடந்த பேச்சுவார்த்தையில் எதிரெதிர் அணிகளாக நின்ற பெண்ணுரிமை அமைப்புகளாலும் அரசுகளாலும் இதில் ஒத்துப்போக முடியவில்லை. முடிவு அந்தந்த நாட்டிடம் விடப்பட்டது.

நான்கு பார்வைகள்

முதலாவது, ஒழுக்கத்தின் பார்வை. 1885-ல் லண்டன் பத்திரிகையாளர் டபிள்யூ.டி. ஸ்டெட், சிறுமிகள் விற்கப்படுவதை அம்பலப்படுத்தி எழுதிய தொடர் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. 1904-ல் ‘வெள்ளை அடிமை வணிகத்துக்கு’ எதிராக முதல் பன்னாட்டு ஒப்பந்தம் வந்தது. கவலை யாருக்காக என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1910-ல் வந்த மான் சட்டம், ‘ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக’ பெண்ணை மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியது. அதில் சிக்கியவர்களில் ஒருவர் கறுப்பின குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன். வெள்ளைக்காரக் காதலியோடு பயணம் செய்ததற்காக 1913-ல் தண்டிக்கப்பட்ட அவருக்கு 2018-ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது.

இரண்டாவது, ஒழிப்புவாதம். பாலியல் தொழிலே பெண் மீதான வன்முறை. வறுமையும் சிறுவயதுக் கொடுமைகளும் துரத்திய இடத்தில் விருப்பம் என்று பேசுவது பொய் என்பது இவர்கள் வாதம். வாங்குபவன் இல்லையென்றால் விற்பனை இல்லை என்ற அடிப்படையில் ஸ்வீடன் 1999-ல் வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நார்வே, பிரான்ஸ், அயர்லாந்து எனப் பல நாடுகள் பின்தொடர்ந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் நார்வேயின் ஆஸ்லோவில், பெண்களுக்கு வீடு வாடகைக்கு விட்டால் வழக்கு வரும் என்று போலீஸ் வீட்டு உரிமையாளர்களை நெருக்கியது. தண்டிக்கப்படக் கூடாத பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

மூன்றாவது, உழைப்பின் பார்வை. வயது வந்தவர் தானாகச் செய்வது தொழில். கட்டாயமும் ஏமாற்றும்தான் குற்றம். கொல்கத்தா சோனாகாச்சியில் 1995-ல் உருவான துர்பார் அமைப்பு, தொழிலில் இருக்கும் பெண்களே உறுப்பினராக உள்ள குழுக்களை வைத்து, புதிதாக வருபவர் சிறுமியா, வற்புறுத்தப்பட்டவரா என்று விசாரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நியூசிலாந்து 2003-ல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அங்கே 2014-ல் ஒரு பெண், விடுதி உரிமையாளர் மீது பாலியல் தொல்லை வழக்குப் போட்டு 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். குற்றவாளியாகக் கருதப்படும் பெண் இப்படி ஒரு வழக்கை நினைத்துப் பார்க்கவும் முடியாது. இதிலும் ஓட்டை உண்டு. தற்காலிக விசாவில் வந்தவர்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. மிரட்டலுக்கு எளிதில் ஆளாகிறவர்கள் அவர்கள்தான். 2002-ல் தொழிலைச் சட்டபூர்வமாக்கிய ஜெர்மனியிலும், கிழக்கு ஐரோப்பிய ஏழைப் பெண்கள் பெரிய விடுதிகளில் சுரண்டப்பட்டது போதாத கண்காணிப்பின் விளைவு என்ற விமர்சனம் எழுந்தது. 2017-ல் அங்கே புதுச் சட்டம் வந்தது.

நான்காவது, காவல் பார்வை: எல்லையை இறுக்கு, சோதனை நடத்து, கும்பலைப் பிடி. இதற்குப் பின்னால் பணபலமும் உண்டு. பாலியல் தொழிலை எதிர்ப்பதாக உறுதிமொழி தந்தால்தான் எய்ட்ஸ் தடுப்பு நிதி என்று அமெரிக்கா நிபந்தனை போட்டபோது, 2005-ல் பிரேசில் சுமார் 4 கோடி டாலரை வேண்டாம் என்றது. நோய்த்தடுப்பில் கூட நிற்கும் பெண்களையே பழித்து எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடு எப்படி வேலை செய்வது என்பது அந்த நாட்டின் கேள்வி.

இந்த விவாதத்தில் மறைந்துபோகும் ஓர் உண்மையும் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில், உலகில் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். அவர்களில் வணிகப் பாலியல் சுரண்டலில் இருப்பவர்கள் 63 லட்சம். மற்றவர்கள் வீட்டு வேலையிலும் ஆலையிலும் வயலிலும் படகிலும் இருக்கிறார்கள். பாலியல் கடத்தல் கொடுமையானது. ஆனால் கடத்தல் என்றாலே அது மட்டும்தான் என்று நினைத்தால் மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது?

பேச்சு வழக்கில் விபசாரத் தடுப்புச் சட்டம் எனப்படும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தப் பார்வைகள் கலந்து கிடக்கின்றன. வயது வந்த பெண் தனியாக இந்தத் தொழில் செய்வது குற்றமல்ல. விடுதி நடத்துவது, தரகு, வருமானத்தில் பிழைப்பது குற்றம். ஆனால் பொது இடத்தில் அழைத்தால் அந்தப் பெண்ணுக்கே தண்டனை. அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடும் வயது வந்த மகனும் வழக்கில் சிக்கலாம். மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க 17-ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது.

இல்லம் சிறையாக மாறிய கதை சென்னைக்குத் தெரியும். 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில் இப்படி வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தில்தான். மாதிரிகளைச் சேகரித்தவர் டாக்டர் நிர்மலா. தொற்று இருந்த பெண்கள் காலம் முடிந்த பிறகும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் போன பிறகே கதவு திறந்தது.

2022 மே 19 அன்று, புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான கட்டளைகளைப் பிறப்பித்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு உடனடி மருத்துவ உதவி உட்பட எல்லா வசதியும் தர வேண்டும். விருப்பமின்றி இல்லங்களில் வைக்கப்பட்ட வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து, விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக் கூடாது. சோதனை, மீட்புச் செய்திகளில் அடையாளம் வெளிவரக் கூடாது. சோதனையில் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்ற பரிந்துரைக்கோ, மத்திய அரசு ஆட்சேபம் தெரிவித்ததால், இந்தக் கட்டளைகளில் இடம் கிடைக்கவில்லை. பலரும் அது நடைமுறைக்கு வந்துவிட்டதாக நம்புகிறார்கள்.

என்ன செய்யலாம்?

ஆதார், பாஸ்போர்ட், செல்போன் மூன்றும் வேறொருவர் கையில், முன்பணம் கழிந்தபாடில்லை, தனியாகப் பேச விடுவதில்லை. இவை எச்சரிக்கை அறிகுறிகள். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சிறுமி என்றால் போக்சோ சட்டமும் சேரும். குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் பக்கத்துக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆள் கடத்தல் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்புங்கள்; அடுத்து மாஜிஸ்திரேட்.

1956 சட்டத்தின் கீழ் வாரன்ட் இல்லாமல் சோதனைக்கு வரும் குழுவில் பெண் போலீசார் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். மீட்கப்பட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே தன் விருப்பத்தைச் சொல்ல அவருக்கு வழக்கறிஞர் வேண்டும். ஆள் கடத்தலால் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டமும் அவர்கள் வழியாகத்தான். பலருக்குத் தெரியாத இன்னொரு கதவு, கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டம். கடத்தப்பட்டு விடுதியில் அடைக்கப்பட்டவரும் அதில் 3 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம்.

ஒழிப்புவாதிக்கும் உரிமைவாதிக்கும் சண்டை தொடரட்டும். இருவரும் மறுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு: சிறுமியையும் வற்புறுத்தப்பட்டவரையும் உடனே மீட்க வேண்டும்; வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பூட்டி வைப்பது மீட்பு ஆகாது. 2018-ல் மக்களவையில் நிறைவேறிய ஆள் கடத்தல் மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. அடுத்த மசோதாவை எழுதுபவர்கள் இல்லங்களில் இருந்து வந்த பெண்களை முதலில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.