கம்பியில் தங்கிய குரல்கள்

யூதப் படுகொலை பற்றிய ஆவணம் என்றதும் நம் நினைவுக்கு வருவன நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான். நான் இங்கே அறிமுகப்படுத்த விரும்புவது வேறுவகையான ஒரு தொகுப்பை. தலைமுடி போன்ற மெல்லிய எஃகுக் கம்பியில் காந்தப் பதிவாக உறைந்திருக்கும் குரல்கள் அவை.

இன்றைய லாட்வியாவில் 1886-ல் பிறந்த யூதரான டேவிட் போடர், சிகாகோவிலுள்ள இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் உளவியல் பேராசிரியர். போர் முடிந்த மறு ஆண்டு, 1946 ஜூலை இறுதியில், கம்பி ஒலிப்பதிவுக் கருவியோடும் 200 சுருள்களோடும் ஐரோப்பா சென்றார். அக்டோபர் தொடக்கத்திற்குள் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட அகதிகளைப் பேசவைத்தார். ஒன்பது மொழிகளில் சுமார் 90 மணி நேரப் பதிவு. வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களின் குரல் பதிவான மிகப் பழைய பேட்டிகளில் இவையும் அடங்கும்.

அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, தடுமாறிய வாக்கியங்களை அவர் செப்பனிடவில்லை. மொழி சிதைந்திருப்பதே அவர்கள் பட்ட பாட்டுக்குச் சாட்சி என்று கருதினார். எட்டுப் பேட்டிகளைக் கொண்ட அவரது நூல் 1949-ல் வந்தது. 'இறந்தவர்களை நான் பேட்டி காணவில்லை' என்பது அதன் தலைப்பின் பொருள். மிகக் கொடிய கதையைச் சொல்லவேண்டியவர்கள் திரும்பி வரவில்லை என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. 1961-ல் போடர் காலமானார்.

பேட்டிகள் பலவற்றை இல்லினாய் தொழில்நுட்பக் கழகம் பின்னாளில் இணையத்தில் வெளியிட்டது. ஆனால் பாரிஸுக்கு அருகே ஹெனோன்வில் என்ற ஊரில் அகதிகள் பாடிய பாடல்களின் சுருள் மட்டும் கிடைக்கவில்லை. ஓஹையோ மாநிலத்து அக்ரன் பல்கலைக்கழக உளவியல் வரலாற்று ஆவணக்காப்பகத்தில் அது பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்தது. பெட்டியின் மேல் 'ஹெரோவில் பாடல்கள்' என்று ஊர்ப்பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்ததே காரணம். பழைய கம்பிப் பதிவுக் கருவி ஒன்றைத் தேடிச் சீரமைத்து அதை ஒலிக்கவைத்தார்கள். 2017-ல் செய்தி வெளியானது.

அதில் ஒரு பெண், கிராகோவ் கவிஞர் மொர்தெகாய் கெபிர்டிக் போருக்கு முன் எழுதிய இத்திஷ் மொழிப் பாடலைப் பாடுகிறார். கவிஞர் 1942-ல் கிராகோவ் சேரியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். மூலப்பாடலில் எரிவது ஒரு சிற்றூர். அப்பெண் அந்த இடத்தில் யூத மக்களையே வைத்துப் பாடுகிறார். எழுத்தில் மட்டும் கண்டிருந்தால் இதைப் பாடபேதம் என்று திருத்தியிருப்போம். குரலாகக் கேட்கும்போதோ, அந்த மாற்றமே வரலாறாகிறது.