நந்தியும் ‘சேது’ என்னும் சொல்லும்

திருவாடானைக்குக் கிழக்கே தொண்டிக் கடற்கரை. அக்கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். இவ்விரு கரைகளுக்கும் நடுவே ஓர் அரச சின்னம் நெடுநாள் வழக்காய்க் கிடந்தது. ஒரு புறம் நின்ற மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி. அதன் கீழே ‘சேது’ என்னும் தமிழ்ச்சொல். இவ்வாறு பொறிக்கப்பட்ட பழங்காசுகளை ஆராய்ந்த முன்னையோர் அவற்றை இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை என்றே எழுதினர். சேது என்றால் இராமேசுவரம். அதன் காவலர் சேதுபதி. இதில் ஐயத்திற்கு இடமேது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

அம்முடிவை மறுத்தவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947). சைவ அரசரின் நந்திக்காக ஒரு கத்தோலிக்கக் குரு வழக்காடினார் என்பது நம் மாணாக்கர் நினைவில் வைக்கத்தக்கது. 1920இல் வெளியிட்ட கட்டுரையில், இக்காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என அவர் நிறுவினார். இலங்கையில் கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமக் கல்வெட்டு அவ்வரசரின் வெற்றியைக் கூறுவது. அதன் தலைப்பிலும் ‘சேது’ என்றே காண்கிறோம். அவர்தம் கொடியும் இடபக்கொடியே. மேலும், ஆரியச்சக்கரவர்த்திகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தலையெடுத்தவர்கள். சேதுபதிகளின் ஆட்சியோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கரால் நிலைநிறுத்தப்பட்டது.

ஆயினும் நம் கரையோருக்கு இதில் இழப்பென்று சொல்வதற்கில்லை. கடலுக்கு அப்பால் அரசாண்டவர் தம் காசில் பொறிக்கத் தேர்ந்த பெயர் இக்கரையின் தீர்த்தத்தின் பெயரன்றோ! சபை வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒரு சொல் பொருந்துகிறது என்பதனாலேயே உரிமையை முடிவு செய்துவிட்டனர் முன்னையோர்; சுவாமிகள் கல்லையும் கொடியையும் காலத்தையும் உடன்வைத்துக் கேட்டார்.