குழந்தையின் தலைக்காயமும் தாயின் சொல்லும்

நம் அங்கத்தினர் இல்லங்களில் குழந்தைகள் திண்ணையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் விழுவது புதிதன்று. அவ்வேளையில் செய்யத்தக்கது யாது என்பதைப் பலரும் அறிந்திலர்.

சென்ற மாதம் வேப்பம்பட்டில் நெசவாளர் ஒருவர் இல்லத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஒன்றரை வயதுப் பேரன் கட்டிலிலிருந்து விழுந்தான். காதுக்கு மேலே புடைத்துவிட்டது. மஞ்சள் பற்றிட்டுத் தூங்க வைக்கலாம் என்றார் பாட்டி. உடனே ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும் என்றார் சிற்றப்பா. இரண்டும் அன்பினால் எழுந்த சொற்களே. ஆயினும் இரண்டும் முறையல்ல.

அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் தாயிடமே பேசினார். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான்? உடனே அழுதானா, நினைவு தப்பிற்றா? வழக்கம்போல் இருக்கிறானா? பின்னர் தலையைத் தடவி, எலும்பு முறிந்துள்ளதா என ஆராய்ந்தார்.

இக்கேள்விகளுக்குத் தக்க ஆதாரம் உண்டு. வட அமெரிக்காவில் 25 அவசரப் பிரிவுகளுக்கு வந்த, தெளிந்த நினைவோ சற்றே குன்றிய நினைவோ உடைய 42,412 குழந்தைகளை மருத்துவர் குப்பர்மன் குழுவினர் ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டனர். மூளையில் கவலைக்குரிய காயம் இருந்தோர் 376 பேரே. அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர். ஆனால் ஸ்கேன் எடுக்கப்பட்டோர் நூற்றுக்கு 35 பேர். ஸ்கேனின் கதிர்வீச்சு பிற்காலத்தில் புற்றுநோய்க்குச் சிறிதளவேனும் இடந்தரும் ஆதலால், தேவையின்றி எடுத்தல் தகாது. இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு அவர்கள் வகுத்த ஆறு அடையாளங்களுள், ‘பெற்றோர் பார்வையில் குழந்தை இயல்பாக இருக்கிறதா’ என்பதும் ஒன்று. தாயின் சொல் அங்கே சாட்சியமாகவே ஏற்கப்படுகிறது!

புடைப்பு நெற்றியிலன்றிப் பக்கவாட்டில் இருந்தமையால், மருத்துவர் சிறுவனைச் சில மணி நேரம் அங்கேயே கண்காணித்தார். அவன் நலமாக விளையாடினான். ஸ்கேன் இன்றியே வீடு திரும்பினான்.

ஆகவே, அன்பர்களே, மூன்றை நினைவிற் கொள்வீர். விழுந்த நேரத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்க. கண்ணால் கண்டவரே குழந்தையுடன் செல்க. அடிக்கடி வாந்தி, எழுப்பியும் விழிக்காத உறக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர், கைகால் சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நொடியும் தாமதியாது 108-ஐ அழைத்திடுக. வீடு திரும்பிய பின்னும் ஒரு நாளேனும் கவனம் வேண்டும்.

அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம், தறி காத்திருக்கும். குழந்தையின் தலைக்காயம் காத்திராது.