உறைபனி காத்த புல்வெளி

நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உயரங்களில் மடிப்புகள்தோறும் சோலைக்காடு. சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. இரண்டுக்கும் நடுவே கலப்பு நிலம் அநேகமாகக் கிடையாது. சில அடிகளில் காடு முடிந்து புல் தொடங்கிவிடும்.

மனிதர் காட்டை அழித்ததால் வந்த புல் என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மக்கிய தாவரப் பொருளை ஆராய்ந்து, ஆர். சுகுமார் குழுவினர் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு வேறு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாக, வறண்ட காலங்களில் புல்லும் ஈரமான காலங்களில் மரவகைத் தாவரங்களும் மாறிமாறி ஓங்கியிருக்கின்றன. புல்வெளி இங்கே பழங்குடி; வந்தேறி அல்ல.

சோலை மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை? தீயும் மேய்ச்சலும் காரணமாகச் சொல்லப்பட்டதுண்டு. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு உறைபனியைச் சுட்டுகிறது. பனிக்கால இரவில் திறந்த புல்வெளியின் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும். அங்கே முளைத்த சோலைக் கன்றுகள் கருகிவிடும். மரநிழலில் அந்த அளவுக்குக் குளிர் இறங்குவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்தின் கன்றுகளோ இந்தக் குளிரை நன்றாகவே தாங்குகின்றன. இரவுகள் வெம்மையானால் உறைபனி என்ற காவல் தளரும். முன்னே நுழையப்போவது சீகைதான்.

பாதி வேலையை மனிதர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டனர். ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) விடுதலைக்குப் பின் தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் பெருமளவில் நடப்பட்டன. தோட்டங்களும் விவசாயமும் பெருகியதில், பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்ததாக 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டுகிறது. புல்லை நம்பி வாழும் வரையாட்டுக்கு வேறு புகலிடம் இல்லை. மற்ற விலங்குகள் வெப்பம் கூடினால் மேலேறலாம். இது இருப்பதே உச்சியில். 2025 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ளவை 1,303.

காலநிலையின் பெயரால் புல்வெளியில் மரம் நடுவது இங்கே தவறான மருந்து. புல்வெளி மண்ணுக்கடியில் ஏராளமான கரிமத்தைச் சேமிக்கிறது. அதே நேரம் சீகையைக் கண்டபடி வெட்டுவதும் உதவாது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமே எழுகின்றன; அத்தகைய தோட்டங்களை அப்படியே விட்டுவிடலாம். புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் இளஞ்செடிகளை அகற்றுவதே முதல் வேலை. அகற்றிய இடத்தில் ஆண்டுதோறும் முளைகளைப் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்காத திட்டம் வீண்செலவு.