மழைக்கு முந்திய நான்கு ஆண்டுகள்

"திருப்பலிக்கு வருகிறேன் சுவாமி, செபமாலையும் சொல்கிறேன். ஆனால் உள்ளே ஒன்றும் அசைவதில்லை." வீடு சந்திக்கச் செல்லும் குருக்கள் அடிக்கடி கேட்கும் சொல் இது. சொல்பவர் பெரும்பாலும் விசுவாசத்தைக் கைவிட்டவர் அல்லர், ஞாயிறு தவறாதவர். முதல் நன்மை வாங்கிய நாளின் மகிழ்ச்சி எங்கே போயிற்று என்பதே அவருடைய ஏக்கம். 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களில் வெடித்த குண்டுகளும், அடுத்து வந்த பெருந்தொற்றும் இந்தச் சோர்வை இன்னும் ஆழமாக்கின. தொலைக்காட்சித் திருப்பலிக்குப் பழகிய சிலரின் கால்கள், ஆலயக் கதவுகள் திறந்த பின்னும் அங்கே திரும்பவில்லை.

இந்நிலையில் கண்டி மண்ணில் வாழும் நமக்கு ஆறுதலாக நிற்பவர் புனித யோசப் வாஸ் அடிகளார். 1696இல் கண்டியை வாட்டிய வறட்சியில் அவர் செபிக்க, மழை பொழிந்த வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். அந்த மழைக்கு முந்திய நான்கு ஆண்டுகளைப் பற்றியோ நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ, மழையைவிட அந்த ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன.

1692இல் கண்டிக்கு வந்த அடிகளாரை வரவேற்றது சிறை. போர்த்துக்கேயரின் உளவாளி என்ற பழி அவர்மீது விழுந்திருந்தது. கோவையிலிருந்து (கோவா நாட்டிலிருந்து) கடல் கடந்து மந்தையைத் தேடி வந்தவர், மந்தையை அணுக முடியாமல் அடைபட்டுக் கிடந்தார். அந்நாள்களில் அவர் செய்தது வியப்புக்குரிய செயல் அன்று: சிங்களம் கற்றார், செபித்தார், கிடைத்த இடத்தில் கிடைத்த மனிதருக்குப் பணி செய்தார். காவல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அரசு முழுவதும் தடையின்றி மறைபரப்பும் உரிமை, மழைக்குப் பின்னரே கிடைத்தது. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் உள்ளம் எப்போதும் இனித்திருக்கும் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. இனிப்பு உண்டா இல்லையா என்பதைப் பார்த்து அவர் தம் கடமையை அளக்கவில்லை.

மழை வந்த பின்னரும் ஓய்வு வரவில்லை. 1697இல் பெரியம்மை பரவியது. நோயுற்றோரை உறவினரே கைவிட்டு ஓடிய நகரில், அவரும் அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச்சென்று பேணினர். இறந்தோரை அடக்கம் செய்தனர்.

இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், 1687இல் வாஸ் அடிகளார் வரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் குருக்கள் இன்றி வாழ்ந்தனர். திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை. கழுத்தில் செபமாலை அணிந்து, பிச்சைக்காரரைப்போல வீடு வீடாகச் சென்றே, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் கண்டுபிடித்தார். அந்த மணிகளைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள், முப்பது ஆண்டுகள் எந்த உணர்ச்சியால் வாழ்ந்திருப்பார்கள்? தாய் சொல்லிக் கொடுத்த செபத்தை, பொருள் பாதி மறந்த நிலையிலும், விடாமல் சொன்னார்கள். அவ்வளவே.

பின்னர், குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னனின் காலத்தில், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் மறைநூல்களைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். குரு வர இயலாத இடத்திலும் குடும்பம் கூடிச் செபிக்க அவை துணை நின்றன. தவக்காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே.

ஆகவே, மகிழ்ச்சி வந்தபின் செபிப்போம் என்று காத்திருக்க வேண்டாம். ஐந்து தேவ இரகசியங்கள் பாரமானால் ஒன்றையாவது சொல்லுங்கள். ஒப்புரவை நெடுநாள் தள்ளிப்போட்டிருந்தால் அதனை நாடுங்கள். மீட்பின் மகிழ்ச்சியை மீண்டும் தரும்படி தாவீது மன்றாடியது, தன் பாவத்தை ஏற்றுக்கொண்ட செபத்திலேதான்.

ஆனால் எல்லா வறட்சியும் பாவத்தின் விளைவன்று. புனித அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் உள்ளிருளில் நடந்ததை, 2007இல் வெளியான அவருடைய மடல்கள் உலகுக்குக் காட்டின. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடந்த எலியாவைக் கடவுள் கண்டிக்கவில்லை. முதலில் உறங்கவிட்டு, அப்பமும் நீரும் அளித்தார். உறக்கமின்மையும் வாழ்வை வெறுக்கும் எண்ணமும் தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவாகாது.

மற்றொன்றும் உண்டு. தூரத்துத் தோட்டங்களிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வந்து, பார்க்க வருவோர் இன்றிப் படுத்திருக்கும் நம் மக்கள் எத்தனையோ பேர். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், செபம் இனித்ததா என்று உங்களையே கேட்டுக்கொண்டிராமல், கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு பார்வையாளர் நேரத்தில் அங்கே செல்லுங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், அவர் விரும்பினால் ஓர் அருள் நிறைந்த மரியே சேர்ந்து சொல்லுங்கள்.