கிளீட்டுக்கும் அஷ்டபந்தனம்

ஆலயச் செய்தி மடலில் பாய்மரப் படகைப் பற்றி என்ன கட்டுரை என்று அன்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்து வாசியுங்கள். விஷயம் கோயிலுக்கு வந்து சேரும்.

அலமீடாவில் நான் நிறுத்தி வைத்திருப்பது 22 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் கிளாஸ் படகு. கோடைக்காலப் பிற்பகல்களில் கோல்டன் கேட் வழியாக சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் புகும் காற்று 20 நாட் வேகத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையன்று, முன்பாயின் கயிற்றைக் கட்டும் கிளீட் மேல்தட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆட்டுக்கொம்பு போல இருபுறமும் நீண்டிருக்கும் உலோகத் துண்டுதான் கிளீட். அது கயிற்றோடு சுழன்று என் பையனின் காதோரமாகப் பறந்தது. அவன் சிரித்தான். எனக்குக் கை நடுங்கிற்று. பாயை இறக்கிவிட்டு மோட்டாரில் கரை சேர்ந்தோம்.

துவாரத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. இத்தகைய படகுகளின் மேல்தட்டு ஒரே பலகை அல்ல. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் கிளாஸ். நடுவில் பால்சா என்னும் மிக இலேசான மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் திருகாணித் துவாரத்தின் வழியே தண்ணீர் இறங்கினால் பால்சா ஊறி உளுத்துவிடும். உள்ளே விரலை விட்டேன், ஊறின அவல்! முன்பு படகை வைத்திருந்தவர் நான்கு மரத்திருகாணிகளை முடுக்கியதோடு சரி. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்பெற்ற அந்தத் திருகாணிகளிலும் துரு. அந்த எஃகைக் காக்கும் படலம் நிலைக்கப் பிராணவாயு வேண்டும். ஈரத்தில் மூச்சடைத்துக் கிடந்தால் அதுவும் அரித்துப்போகும்.

அப்போதுதான் அஷ்டபந்தனம் நினைவுக்கு வந்தது. மூலவருக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் அபிஷேக நீர் இறங்காதபடி கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்து, மெழுகு பதத்தில் சாத்துகிறோம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் செய்கிறோம். அதே குங்கிலியத்தை எண்ணெயில் கலந்து மரக்கலங்களின் இடுக்கை அடைப்பதும் நம் கடற்கரைகளில் பழைய வழக்கம். இந்தத் தேசத்துக்குப் பாய்விரித்து வந்த தமிழ்க் கப்பலும் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றினார். அது 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

இனி என் வேலைக்கு வருகிறேன். நனைந்த பால்சாவைச் சுரண்டி எடுத்துவிட்டு, சில வாரங்கள் காயவிட்டேன். பிறகு அந்தக் குழியில் கெட்டியான எபாக்ஸியை நிரப்பினேன். அது இறுகியதும் அதன் நடுவிலேயே போல்ட்டுக்குத் துளையிட்டேன். இனிமேல் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. நட்டை முடுக்கும்போது தட்டும் நசுங்காது. மேலே துவாரத்தின் வாயைச் சற்று அகலப்படுத்தி, கிளீட்டின் அடியில் பியூட்டைல் டேப் வைத்தேன். இறுகாமல் மெழுகு போலவே இருப்பது அதன் குணம். சிலர் சிலிக்கோனைப் பூசுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பின்னால் கழற்றினால், அது ஒட்டின இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. அடியில் வெறும் வாஷர் போதாது. அகலமான உலோகத் தகடு வைத்தால்தான் இழுவை பரவும்.

இது ஒருவரால் முடிகிற காரியமல்ல. மேலே போல்ட் சுழலாமல் திருப்புளியால் பிடிக்க வேண்டும். அது சுழன்றால் டேப்பின் பிடி விட்டுப்போகும். நட்டை மட்டும் கீழேயிருந்து திருக வேண்டும். என் மனைவி படகறைக்குள் மல்லாந்து படுத்துத் திருகினாள். "என்னங்க, மேலே தூங்கிட்டீங்களா?" என்று இரண்டு தடவை குரல் வந்தது. கிளீட்டைச் சுற்றிலும் டேப் பிதுங்கி வந்ததும் நிறுத்தினோம்.

நவம்பரில் முதல் மழை பெய்த இரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். நட்டுகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. இன்னும் பதினொரு கிளீட்டுகளும் கப்பிகளும் பாக்கி. கீழே படுத்து நட்டைப் பிடிக்க எந்த அன்பர் வந்தாலும், தயிர் சாதமும் மாவடுவும் எங்கள் பொறுப்பு.